இடம்பெயர்ந்த வகுப்பறையிலிருந்து ஒரு மண்டபம்
(கட்டடக் கலைஞர் டாய் நியான்சியின் வாழ்க்கை)

செப்டெம்பர் மாதம் நடக்கும் கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்குப் போய்வந்த நம் கல்லூரி மாணவிகளுக்கு அந்த மண்டபம் மறந்திருக்காது. இரவு பஸ்ஸில் வவுனியாவிலிருந்து புறப்பட்டு, விடியற்காலையில் கொழும்பில் இறங்கி, பௌத்தாலோக மாவத்தையில் வாயில் திறக்கும்வரை காத்து நின்றோம். மரங்களுக்கு அப்பால் எட்டுப் பக்கங்களோடு ஒரு பெரிய மண்டபம். அதைச் சுற்றிலும் மெலிந்து உயர்ந்த வெண்ணிறத் தூண்கள். அவற்றின் மேலே குடைபோல வெளியே நீண்ட கூரை. அதுதான் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தரம் எட்டுத் தங்கை ஒருத்தி, இதைக் கட்டியது யார் என்று டீச்சரிடம் கேட்டாள். சீனா அன்பளிப்பாகக் கட்டித் தந்தது என்றார் டீச்சர். அவள் விடவில்லை. நாடு எப்படிப் படம் கீறும், கீறியது ஒரு ஆள்தானே என்றாள். டீச்சர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, தேடிப் பார்த்து நம் சஞ்சிகைக்கு எழுது என்று பொறுப்பைத் தந்துவிட்டார். அந்தத் தங்கையின் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

அந்தப் படத்தைக் கீறியவரின் பெயர் டாய் நியான்சி. சீனாவில் கட்டடக்கலை படிப்பவர்கள் எல்லோரும் அறிந்த பெயர். அவருடைய மண்டபம் நம் தலைநகரில் ஐம்பது வருடத்துக்கு மேலாக நின்றும், நமக்கு மட்டும் அந்தப் பெயர் தெரியாமல் போய்விட்டது.

யுத்தத்துக்குள் ஒரு மாணவன்

டாய் நியான்சி 1920ஆம் ஆண்டு சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் வூஷி என்னும் ஊரில் பிறந்தார். தாய்ஹு என்ற பெரிய ஏரிக்கு அருகில், கால்வாய்கள் ஊடறுத்து ஓடும் ஊர் அது. சீனத்தின் புகழ்பெற்ற பெருங்கால்வாயும் அந்த ஊருக்குள்ளால்தான் போகிறது. பட்டு ஆலைகளும் பஞ்சு ஆலைகளும் நிறைந்த வளமான இடம்.

அவருக்குப் பதினேழு வயதானபோது, 1937இல், ஜப்பானியப் படைகள் சீனாவுக்குள் நுழைந்தன. அந்த வருட முடிவில் தலைநகரான நாஞ்சிங் வீழ்ந்தது. அங்கிருந்த தேசிய மத்திய பல்கலைக்கழகம் அதற்கு முன்னரே தன் புத்தகங்களையும் கருவிகளையும் கட்டிக்கொண்டு, யாங்சி நதியின் வழியே ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ள சொங்சிங் நகருக்கு இடம்பெயர்ந்துவிட்டது. ஆற்றோரக் குன்று ஒன்றில் மூங்கிலாலும் மண்ணாலும் அவசரமாகக் கொட்டில்கள் போட்டு வகுப்புகளைத் தொடங்கினார்கள். டாய் கட்டடக்கலை படித்தது அந்தக் கொட்டில்களில்தான்.

சொங்சிங் அப்போது தற்காலிகத் தலைநகராக இருந்ததால் 1938 முதல் 1943 வரை அதன்மீது விமானத் தாக்குதல்கள் நடந்தன. அபாயச் சங்கு ஊதினால் சனங்கள் மலையைக் குடைந்து செய்த சுரங்கங்களுக்குள் ஓடுவார்கள். 1941 ஜூன் 5ஆம் திகதி இரவு, அப்படியான ஒரு சுரங்கத்துக்குள் நெரிசலாலும் காற்றில்லாமலும் பெருந்தொகையானோர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்த நகரத்தில் இருந்துகொண்டுதான் ஒரு மாணவன் தூணின் உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று படம் கீறப் பழகினான். எந்த நிமிடமும் கட்டடங்கள் விழக்கூடிய ஊரில் கட்டடம் கட்டப் படித்தான்.

வன்னியில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. மரத்தடியில் கரும்பலகை சாய்த்துப் படித்தவர்களும், பாடசாலை வளவில் பங்கர் வெட்டியவர்களும், தரப்பாள் கொட்டிலுக்குள் பரீட்சை எழுதியவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். 1990இல் முல்லைத்தீவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் வெளியேற்றப்பட்ட நம் உம்மாமாரும் வாப்பாமாரும் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் மீண்டும் எழுத்துக்கூட்டத் தொடங்கியவர்கள். இடம்பெயர்ந்த பாடசாலையில் படித்த ஒருவரின் கையால்தான் கொழும்பின் அந்தப் பெரிய மண்டபம் உருவானது என்று அறிந்தபோது, இதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஆசிரியரும் அளவுகோலும்

அந்தக் கொட்டில் பல்கலைக்கழகத்தில் டாயுக்கு நல்ல ஆசிரியர்கள் வாய்த்தார்கள். அவர்களில் ஒருவர் யாங் டிங்பாவோ. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர். பரிஸ் நுண்கலைப் பள்ளியின் பழைய மரபு அங்கே கற்பிக்கப்பட்டது. கட்டடத்துக்கு நடுக்கோடு ஒன்று இருக்க வேண்டும், இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும், தூண்களின் அளவு ஒழுங்குக்குள் அடங்க வேண்டும் என்பன அதன் பாடங்கள். யாங் அந்தப் பாடத்தோடு சீனத்தின் பழைய மரக் கட்டடங்களையும் அளந்து படித்தவர். வெளியிலிருந்து கற்ற முறையையும் சொந்த மண்ணின் வடிவத்தையும் ஒன்றாகப் பார்க்கும் கண் டாயுக்கு இப்படித்தான் வந்தது.

1942இல் அவர் பட்டம் பெற்றார். சில காலம் கற்பித்தார், பின்னர் கட்டட வரைபட நிறுவனத்தில் வேலை செய்தார். 1949இல் சீன மக்கள் குடியரசு பிறந்தது. அடுத்த வருடத்தில் அவர் பெய்ஜிங்கில் அரச கட்டட வேலைகளில் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு அவர் வாழ்க்கை முழுவதும் அரசுக்காகக் கட்டும் வாழ்க்கையாகவே இருந்தது.

சிவப்பு நட்சத்திரக் கோபுரம்

சோசலிச நாடுகளின் பெருங்கட்டடங்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு சோவியத் ஒன்றியம் மொஸ்கோவில் வானுயரக் கோபுரங்களைக் கட்டியது. 1953இல் திறக்கப்பட்ட மொஸ்கோ பல்கலைக்கழகக் கட்டடம் அவற்றில் மிக உயரமானது. அதை வடிவமைத்த லெவ் ருத்னெவ் என்பவரே போலந்தின் தலைநகர் வார்சோவில் 237 மீற்றர் உயரமான கலாசார மாளிகையையும் வடிவமைத்தார். அது 1955இல் முடிந்தது. சோவியத் மக்களின் அன்பளிப்பு என்று சொல்லிக் கொடுக்கப்பட்டது. கருத்து சோசலிசமாக இருக்க வேண்டும், தோற்றம் அந்தந்தத் தேசத்தினுடையதாக இருக்க வேண்டும் என்பதே அந்தக் காலத்து விதி. ஆனால் பல போலந்துக்காரருக்கு அந்த மாளிகை அன்பளிப்பாகத் தெரியவில்லை, தங்கள் தலைக்கு மேல் நிற்கும் காவலாளியாகத் தெரிந்தது.

அந்த அலை பெய்ஜிங்குக்கும் வந்தது. 1954இல் அங்கே சோவியத் கண்காட்சி மண்டபம் கட்டப்பட்டது. கூர்மையான உயர்ந்த கோபுரம், அதன் உச்சியில் சிவப்பு நட்சத்திரம். சோவியத் கலைஞர்களோடு சேர்ந்து சீனத் தரப்பில் அதில் வேலை செய்தவர் டாய். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. இவ்வளவு பெரிய கட்டடத்தை ஒரு நாடு இன்னொரு நாட்டின் மண்ணில் எப்படி எழுப்புகிறது என்பதை அவர் பக்கத்தில் இருந்தே பார்த்தார். அதே காலத்தில் பெய்ஜிங் ஹோட்டலின் மேற்குப் பகுதியையும் அவர் வடிவமைத்தார்.

ஆனால் காற்று விரைவில் மாறியது. ஸ்டாலினுக்குப் பின் வந்த குருசேவ், அலங்காரக் கட்டடங்களில் பணம் வீணாகிறது என்று கண்டித்தார். 1955இல் சீனாவிலும் வளைந்த பெருங்கூரைகளுக்கு எதிராகப் பெரிய கண்டனம் எழுந்தது. நேற்றுவரை தேசிய வடிவம் என்று போற்றப்பட்டது, இன்று வீண்செலவு ஆகியது. அரசுக்காகக் கட்டுபவர்களின் சங்கடம் இது. மேலிடத்துச் சொல் மாறினால் நேற்றைய புகழ் இன்றைய குற்றமாகிவிடும்.

கூரைக்குக் கீழே பஞ்சம்

1958இல், புதிய குடியரசின் பத்தாவது ஆண்டு நிறைவுக்காகப் பெய்ஜிங்கில் பத்துப் பெருங்கட்டடங்களை எழுப்பத் திட்டமிட்டார்கள். மக்கள் மாமண்டபம் ஒரு வருடத்துக்குள்ளேயே கட்டி முடிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் முதலில் இருந்து, பின்னர் தள்ளிப்போடப்பட்டதுதான் சீன தேசிய நுண்கலைக் கூடம். டாயின் பெயரை நிலைநிறுத்தியது அதுவே.

பாலைவன ஓரத்திலுள்ள துன்ஹுவாங் குகைகளில், பாறையோடு சேர்த்துக் கட்டிய ஒன்பது அடுக்குக் கோபுரம் ஒன்று இருக்கிறது. அதன் சாயலில் கூடத்தின் நடுப்பகுதியை அடுக்கடுக்காக உயர்த்தி, மஞ்சள் ஓடு வேய்ந்தார். இரு பக்கங்களையும் தாழ்வாக, நடைபாதைகளோடு விரித்தார். கட்டடம் பெரிதுதான். ஆனால் வாயிலில் நிற்கும் மனிதனை அது பயமுறுத்தாது. 1962இல் வேலை முடிந்து, 1963இல் திறக்கப்பட்டது.

இந்தக் கட்டடங்கள் எழுந்த அதே வருடங்களில் சீனக் கிராமங்களில் கொடிய பஞ்சம் நிலவியது. 1959 முதல் 1961 வரை கோடிக்கணக்கானோர் பட்டினியால் இறந்ததாக வரலாற்றாசிரியர் பலர் கணிக்கிறார்கள். ஒரு கலைஞரின் திறமையைப் போற்றும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நாம் பாதியைத்தான் சொன்னவர்களாவோம்.

கொழும்புக்கு வந்த படம்

இலங்கைக்கும் சீனாவுக்கும் உள்ள உறவு 1952இன் இறப்பர் - அரிசி ஒப்பந்தத்தோடு இறுகியது. நம் இறப்பர் அங்கே போனது, அவர்களின் அரிசி இங்கே வந்தது. 1959இல் பிரதமர் பண்டாரநாயக்க சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த வருடம் அவருடைய மனைவி சிறிமாவோ உலகின் முதல் பெண் பிரதமரானார். 1964இல் சீனப் பிரதமர் சூ என்லாய் கொழும்புக்கு வந்தபோது, மறைந்த பிரதமரின் ஞாபகமாக ஒரு மாநாட்டு மண்டபத்தைச் சீனா கட்டித் தருவது என்று பேச்சானது. அதை வடிவமைக்கும் பொறுப்பு டாயிடம் வந்தது.

இங்கேதான் அவருடைய நிதானம் தெரிகிறது. பெய்ஜிங்கில் சோவியத்காரரோடு சேர்ந்து கட்டிய கோபுரத்தை அவர் கொழும்பில் திரும்பக் கட்டவில்லை. சிவப்பு நட்சத்திரம் இல்லை, வானத்தைக் குத்தும் கூர்முனை இல்லை. சீனத்து வளைகூரையையும் அவர் இறக்குமதி செய்யவில்லை. எட்டுப் பக்க மண்டபத்தையே தேர்ந்தார். கண்டியில் தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வடிவம் அந்நியமாகத் தெரியாது. வெயிலும் மழையும் கண்ணாடிச் சுவரில் நேரே அடிக்காதபடி கூரையை வெளியே நீட்டினார். அதைத் தாங்கச் சுற்றிலும் தூண்களை நிறுத்தினார். தூணுக்கும் சுவருக்கும் இடையில் நிழலான நடைபாதை கிடைத்தது. கண்காட்சி நாளில் மழை பிடித்தபோது நாங்கள் ஒதுங்கி நின்றது அந்த நிழலில்தான். நம் பழைய வீடுகளின் விறாந்தையைப் பெரிதாக்கினால் அப்படித்தான் இருக்கும்.

படம் தயாரானாலும் வேலை தொடங்கவில்லை. 1965 தேர்தலில் சிறிமாவோ தோற்றார். 1966இல் சீனாவில் கலாசாரப் புரட்சி வெடித்தது. பழைமையானவை எல்லாம் தாக்கப்பட்டன. படித்தவர்கள் பலர் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள், வடிவமைப்பு அலுவலகங்கள் பல கலைந்தன. அந்த வருடங்களில் சீனக் கட்டடக் கலைஞர்களுக்குத் திறமையைக் காட்ட எஞ்சியிருந்த சில வழிகளில் ஒன்று, வெளிநாடுகளுக்குக் கட்டிக் கொடுக்கும் வேலை. 1970 மே மாதம் சிறிமாவோ மீண்டும் பிரதமரானார். அந்த வருடம் நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது.

சீனத்திலிருந்து பொருட்களும் தொழிலாளரும் கப்பலில் வந்தார்கள். இலங்கைத் தொழிலாளர் அவர்களோடு தோளோடு தோள் நின்று வேலை செய்தார்கள். 1971 ஏப்ரலில் தெற்கில் இளைஞர் கிளர்ச்சி எழுந்து அடக்கப்பட்டது. வேலை தொடர்ந்தது. 1973 மே 17ஆம் திகதி மண்டபம் திறக்கப்பட்டது.

அந்த வருடங்களை நம் மூத்தவர்கள் வேறு விதமாகவும் நினைவு வைத்திருக்கிறார்கள். அரிசிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. அதே நேரம், வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால் வன்னி விவசாயிகளின் கையில் காசு புரண்ட காலமும் அதுவே. மண்டபத்தின் வெண்தூண்களும் பாண் வரிசையும் ஒரே நாட்டில், ஒரே வருடத்தில் இருந்தன.

யாருக்கான மண்டபம்?

1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு அங்கே கூடியது. எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் பங்குபற்றின. யூகோஸ்லாவியாவின் டிட்டோ, எகிப்தின் சதாத், இந்தியாவின் இந்திரா காந்தி எல்லோரும் அந்தக் கூரையின் கீழ் அமர்ந்தார்கள். வெள்ளைக்காரரின் ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகள், தம் சொந்தக் குரலில் பேச ஒரு கூடம் கிடைத்த நாள் அது.

ஆனால் தமிழ் பேசும் நமக்கு அந்த மண்டபத்தின் பெயர் சற்று நெருடும். பண்டாரநாயக்கவின் அரசுதான் 1956இல் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. அந்தச் சட்டத்தால் இந்த நாட்டில் எத்தனை கதவுகள் மூடின என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

பெருங்கட்டடம் யாருக்காக என்ற கேள்வியை உலகம் முழுவதும் கேட்கிறார்கள். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 1984இல் சௌசெஸ்கு தொடங்கிய மாளிகைக்காகப் பழைய குடியிருப்புகள் முழுதாக இடிக்கப்பட்டு, பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள். மாளிகை முடியுமுன்னரே 1989இல் அவருடைய ஆட்சி முடிந்தது. இன்று அங்கே நாடாளுமன்றம் கூடுகிறது. வார்சோ மாளிகையை இடித்துவிட வேண்டும் என்று இன்றும் வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் நாடக அரங்குகளும் நூதனசாலைகளும் நடக்கின்றன, பிள்ளைகள் நீச்சல் பழகுகிறார்கள். கட்டியவர்களின் எண்ணம் போய்விட்டது, பாவிப்பவர்களின் வாழ்க்கை உள்ளே வந்துவிட்டது.

கடைசி வருடங்கள்

கலாசாரப் புரட்சி முடிந்தபின் டாயுக்கு மரியாதையும் பொறுப்பும் திரும்பி வந்தன. 1982இல் நகர, கிராம நிர்மாணத்துக்குப் பொறுப்பான அமைச்சின் துணை அமைச்சரானார். சீனக் கட்டடக்கலைச் சங்கத்துக்கும் தலைமை தாங்கினார். பதவி கிடைத்தபின்பும் அவர் படம் கீறுவதை விடவில்லை.

1985இல் கொன்பியூசியஸ் பிறந்த சூஃபு நகரில், அவருடைய பழைய ஆலயத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியை முடித்தார். அவருக்கு அப்போது அறுபத்தைந்து வயது. எவ்வளவு பெரிதாகவும் கட்டக்கூடிய அதிகாரம் கையில் இருந்தது. அவரோ சாம்பல் செங்கல்லும் தாழ்ந்த கூரையும் முற்றங்களுமாக, பக்கத்து ஆலயத்தைவிட உயராமல் அடங்கிய ஒரு கட்டடத்தைக் கட்டினார். இது பழைமைக்குத் திரும்புவது என்று இளைய கலைஞர்கள் சிலர் குறை சொன்னார்கள். மூத்த கட்டடத்துக்கு முன்னால் புதியது குரல் தாழ்த்த வேண்டும் என்பது அவர் கொள்கை.

1991இல் சீன அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவானார். அந்த வருடம் நவம்பரில், எழுபத்தொரு வயதில் காலமானார். அதே வருடக் கடைசியில் சோவியத் ஒன்றியமும் இல்லாமல் போனது.

தங்கைக்குச் சொல்ல

அந்தக் காலத்துச் சோசலிச நாடுகளில் கட்டடத்தில் கலைஞரின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் குறைவு. வேலை கூட்டு நிறுவனத்தின் பெயரில் போய்விடும். தலைவர்களின் பெயர் கல்லில் இருக்கும். படம் கீறியவரின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டும். கல் சுமந்த சீனத்து, இலங்கைத் தொழிலாளரின் பெயர்களை அப்படித் தேடினாலும் எடுக்க முடியாது.

அன்று மாலை மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது எங்கள் ஒவ்வொருவர் கையிலும் தமிழ்ப் புத்தகப் பை இருந்தது. சிறுவர் கதைகள், கவிதைத் தொகுப்புகள், ஒருத்தியிடம் கணிதப் பயிற்சி நூல். கேள்வி கேட்ட தங்கை தன் உம்மம்மாவுக்கென்று ஒரு சமையல் புத்தகம் வாங்கியிருந்தாள். 1956இன் சட்டத்தை நினைவூட்டும் பெயருள்ள மண்டபத்திலிருந்து, வன்னியின் முஸ்லிம் பிள்ளைகள் தம் மொழிப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு பஸ் ஏறினோம். அடிக்கல் நாட்டிய எவரும் இதை எதிர்பார்த்து நாட்டியிருக்கமாட்டார்கள்.

நம் ஊர்களில் இன்னும் கட்ட வேண்டியவை நிறைய இருக்கின்றன. பாடசாலைக் கட்டடம், வாசிகசாலை, கூரை போன வீடுகள். அவற்றுக்குப் படம் கீறப் போகிறவள் இன்று நம் வகுப்புகளில் ஒன்றில் இருக்கலாம். மூங்கில் கொட்டிலில் படித்த ஒருவரால் அந்த மண்டபத்தை எழுப்ப முடிந்தது என்பதை அவள் அறிந்திருக்க வேண்டும். கட்டும் நாளில் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க வருபவர்களுக்காகக் கூரையைக் கொஞ்சம் வெளியே நீட்டிக் கட்டவும் அவள் மறக்கக்கூடாது.